கவரக்கா வீட்டு ஷெட்

எந்த இருக்கையில் உட்காருவதற்கு முன்பும் கட்டைவிரலால் அதை ஓர் அழுத்து அழுத்துவார். பேருந்து இருக்கையானாலும் சரி, பல் டாக்டரின் வரவேற்பறை நாற்காலியானாலும் சரி. விரல் விழுந்த பள்ளம் எவ்வளவு வேகமாக மேலே எழும்புகிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு கையை இருக்கைக்கு அடியில் விட்டு, துணியை மடித்து ஆணி அடித்திருக்கும் இடத்தைத் தடவுவார். "ஸ்பாஞ்சுல ஏமாத்திட்டான்" என்பார். அல்லது "நல்ல கைதான், ஆனா அவசரத்துல தைச்சிருக்கான்" என்பார். அதன் பிறகுதான் உட்காருவார். சம்பந்தம் பேச எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது என் சோபாவையும் இப்படித்தான் அழுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் என் மருமகளைப் பெற்றவர், எனக்குச் சம்பந்தியம்மா. வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பது தொழில். ஆட்டோ, வேன், பைக், எதுவானாலும் கொண்டுவந்து அவர் வாசலில் நிறுத்துவார்கள். ஓட்டுநர்களுக்கெல்லாம் அவர் 'கவரக்கா'. என்னைவிட அவருக்கு வயது ஒன்றும் குறைவில்லை. ஆனாலும் மீசை நரைத்த ஆட்டோக்காரர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கோ முழுசாக நரைப்பதற்கு முன்பே காய்கறி வண்டிக்காரர் பாட்டிப் பட்டம் கட்டிவிட்டார். வயிற்றெரிச்சல் என்று ஆரம்பித்தால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

கொண்டையில், கோடு போடுகிற சாக்குக்கட்டி ஒன்று எப்போதும் செருகியிருக்கும். தூங்கும்போதும் எடுக்கமாட்டார் என்று மருமகள் சொல்வாள். சின்னச் சின்ன ஆணிகளை உதட்டுக்கு நடுவில் வரிசையாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார். வாயில் ஆணி இருக்கும்போதுதான் அதிகம் பேசுவார். பாதி உதட்டால் வருகிற அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளத் தனிப் பழக்கம் வேண்டும். அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "துணியில தப்பாத் தைச்சா பிரிச்சுக்கலாம் சம்பந்தி. ரெக்ஸின்ல ஊசி ஒருதடவைதான். ஓட்டை போட்டா ஓட்டைதான்." அதனால் ஒரு கோடு தைக்க மூன்று முறை அளப்பார். ஒரு விரல் அகலத் துண்டைக்கூட வீணாக்கமாட்டார். சாவிக்கொத்து, மூக்குக் கண்ணாடிக் கூடு, ரேடியோ, தண்ணீர்ப் பாட்டில் என்று அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ரெக்ஸின் சட்டை போட்டிருக்கும்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் இருக்கிறது. அவர் கணவர் அதில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் போனபிறகு லேத் மெஷினை விற்றுவிட்டார்கள். அதற்காக இழுத்த கனத்த கரண்ட் லைன் மட்டும் அப்படியே இருந்தது. தையல் மெஷினுக்கு அவ்வளவு பெரிய லைன் எதற்கு, எழுதிக் கொடுத்துக் குறைத்துவிடுங்கள் என்று சொல்லாதவர்கள் இல்லை. நானே சொல்லியிருக்கிறேன். "இருந்துட்டுப் போகட்டும் சம்பந்தி. அவர் அலைஞ்சு வாங்கின லைன்" என்பார். வெறும் ஷெட்டுக்கு ஒரு லைன், அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்கு ஒரு ரெக்ஸின் சட்டை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரித்ததற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கொடுத்தது, என் மகன் வாங்கிய கரண்ட் கார்.

மகனுக்கு வேலை ஊருக்கு வெளியே, தொலைவில். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று பழைய காரைக் கொடுத்துவிட்டுக் கரண்ட்டில் ஓடுவதை வாங்கினான். பழைய கார் தெருமுனை திரும்பும்போதே மூன்றாவது மாடியில் எனக்குக் கேட்கும். அந்த இருமலைக் கேட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். அவன் படியேறி வருவதற்கும் தட்டில் சூடாக விழுவதற்கும் சரியாக இருக்கும். புதுசு பூனை மாதிரி வருகிறது, பூனை மாதிரி போகிறது. வந்தானா, வரவில்லையா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அதிலேயே எனக்கும் அந்த வண்டிக்கும் ஆகவில்லை.

காரோடு, சுவரில் மாட்டுகிற சார்ஜ் பெட்டி ஒன்றும் வந்தது. மாட்டுவதற்குச் சுவர் வேண்டுமே. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் சுவர் இருந்தது. ஆனால் அது எங்கள் சுவர் இல்லை, எல்லாருடைய சுவர். குடியிருப்போர் சங்கத் தலைவர் முதல் மாடிக்காரர். தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்றார். பொது மீட்டரில் ஒருத்தர் மட்டும் குடித்தால் மற்றவர்கள் என்ன செய்வது என்றார். என் மகன் குழாயை வாயில் வைத்துக் கரண்ட்டை உறிஞ்சப்போகிறவன் போலப் பேசினார். பெட்டி எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சரி, வெளியில் போட்டுக்கொள்ளலாம் என்று குடும்பத்தோடு கடைவளாகத்துக்குப் போனார்கள். அங்கே வண்டிகளுக்குச் சார்ஜ் போட இரண்டு மெஷின்கள். ஒன்றின் திரை இருட்டாகக் கிடந்தது. இன்னொன்றின் முன்னால் ஒரு பெட்ரோல் காரை நிறுத்திவிட்டு அதன் சொந்தக்காரர் சினிமாவுக்குப் போயிருந்தார். அவர் வந்து எடுத்தபிறகு, மெஷின் போனில் ஏதோ ஆப் இறக்கச் சொன்னது. இறக்கினால் எண் அனுப்புகிறேன் என்றது. எண் வரவே இல்லை. திரும்பும் வழியில் கரண்ட் மிச்சமாக வேண்டுமென்று ஏசியை நிறுத்தி, பாட்டை நிறுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்திருக்கிறார்கள். பின்சீட்டில் இருந்த பேத்தி, நான் இறங்கி நடந்தால் வண்டிக்குக் கனம் குறையுமா என்று கேட்டிருக்கிறாள். எங்கள் வீடுவரை தாங்காது என்று தெரிந்ததும் பாதி வழியில் இருந்த சம்பந்தியம்மா வீட்டுக்குத் திருப்பிவிட்டான்.

அவர் ஷெட் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டாராம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டியபோது, இந்த லைனில் இரண்டு காருக்குத் தாராளமாகப் போடலாம் என்று அவர் சொன்னாராம். அன்றைக்கு இரவல் ஒயரில் ஒப்பேற்றினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி அவர் வீட்டுச் சுவரில் ஏறிவிட்டது. என் மகன் வண்டியின் பெட்டி. என் வீட்டில் படுத்துக் கிடந்த பெட்டி. அதற்கு ஒரு ரெக்ஸின் சட்டை வேறு, நீல நிறத்தில், ஓரம் மடித்துத் தைத்து.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்பது எங்கள் வீட்டுக்கு இல்லாமல் போயிற்று. பத்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு வர அது என்ன பெட்ரோலா? காலையில் செருகினால் வெயில் சாய வேண்டும். அதுவரை மாப்பிள்ளை என்ன செய்வார்? சாப்பிடுவார், தூங்குவார், எழுந்து மறுபடி சாப்பிடுவார். என் வீட்டில் ஒரு நாளும் பகலில் கண்ணை மூடாதவன், அங்கே மாமியார் மெஷின் ஓடுகிற சத்தத்தில் குறட்டை விடுகிறானாம். மருமகள் அம்மா மடியில் தலை வைத்துப் படுக்கிறாளாம். வந்ததும் வராததுமாகப் பேத்தி அதையெல்லாம் எனக்கு ஒப்பிப்பாள். முன்பெல்லாம் அவளுக்கு நான் மாடிப்பாட்டி, அவர் மெஷின் பாட்டி. இப்போது மெஷின் போய் அவர் 'சார்ஜர் பாட்டி' ஆகிவிட்டார். நான் மாடிப்பாட்டியாகவே இருந்தேன். மாடியில்தானே இருந்தேன்.

கூப்பிடாமல் இல்லை. ஒவ்வொரு வாரமும் மருமகள் கூப்பிட்டாள். கவரக்காவே போன் செய்து, சம்பந்தி நீங்களும் வாங்களேன் என்றார். லிஃப்ட் இல்லாத கட்டடம், என் முழங்கால் மூன்று மாடி இறங்கி ஏறாது என்று சொல்லிவிட்டேன். முழங்கால் இறங்கும். வீம்புதான் இறங்கவில்லை. அவர் தூக்குப் பாத்திரத்தில் எனக்கென்று சாப்பாடு கொடுத்துவிடுவார். பாத்திரத்துக்கும் ரெக்ஸின் சட்டை. சாப்பாடு சுடச்சுட இருக்கும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் மகன் காய்ச்சலென்று வீட்டில் இருந்தான். வண்டி கீழே சும்மா நின்றது. இரண்டு எக்ஸ்டென்ஷன் ஒயரை ஒன்றோடொன்று கோத்து, காய்கறி வாங்கக் கூடை இறக்குகிற கயிற்றில் கட்டி, பால்கனி வழியாக இறக்கினேன். கார் சாவியையும் கூடையில் வைத்தேன். வண்டியின் டிக்கியில் கிடக்கும், சாதாரண பிளக்கில் செருகுகிற சின்ன சார்ஜர் கீழே இருக்கும் காவலாளிக்குத் தெரியும். அவர் எடுத்துச் செருகினார். அரைமணி நேரம் எனக்கு மகாராணி நினைப்பு. பெரிய லைனாம், பட்டறையாம். இதோ, என் வீட்டுக் கரண்ட்டை என் மகன் வண்டி குடிக்கிறது.

பிறகு பால்கனியில் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. டப்பென்று ஒரு சத்தம். கட்டடம் முழுக்கக் கரண்ட் போயிற்று; தண்ணீர் மோட்டாரும் நின்றது. முதல் மாடியிலிருந்து சங்கத் தலைவர் தலை நிறையச் சோப்பு நுரையோடு, துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். மேலே பார்த்தார். கூடை அவர் தலைக்கு நேராகத் தொங்கியது.

"இந்தப் பாட்டி நம்மள எல்லாம் கொளுத்திட்டுத்தான் ஓயும். முறையா ஒரு பாயிண்ட் போட்டுத் தொலைங்கப்பா" என்றார்.

மகன் என்னோடு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. ஆனால் சங்கத்தில் அனுமதி கொடுத்துவிட்டார்கள்: எங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே தனியாக ஒயர் இழுத்து, பூட்டுப் போட்ட பெட்டியில் ஒரு பாயிண்ட். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து வாங்கிவரக் கொஞ்ச நாளாகும் என்றார்கள். ஆகட்டும். கெட்ட பேர் எடுத்தாவது ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

ஜெயித்தது தெரிந்தபிறகு முழங்கால் தானாகச் சரியாயிற்று. அந்த ஞாயிறு நானும் வருகிறேன் என்றேன். மருமகளுக்கு ஆச்சரியம். கவரக்கா வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்து இறக்கினார். எனக்கு எடுத்துப் போட்ட நாற்காலியைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் பாயை விரித்தார்கள். அடுத்தவர் வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் பெட்டி எப்படி இருக்கிறது, பார்க்கலாமே என்று பக்கவாட்டு ஜன்னல் வழியாக ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கார் நின்றது. சுவரில் நீலச் சட்டைக்கு நடுவே பச்சை விளக்கு, மூச்சு விடுவது போல எரிந்து எரிந்து அடங்கியது. அது எரிந்தால் கரண்ட் ஏறுகிறது என்று பேத்தி சொல்லியிருந்தாள்.

கதவு திறந்தது. கையில் சாவிக்கொத்தோடு கவரக்கா வந்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நேராகச் சுவரிடம் போய், பெட்டிக்கு மேலே இருந்த சுவிட்சைக் கீழே தள்ளினார். பச்சை விளக்கு அணைந்தது. அப்புறம் நிதானமாக அலமாரியிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துக்கொண்டு திரும்பினார். ஜன்னலில் என் முகம் இருந்தது.

"நூல் எடுக்க வந்தேன்" என்றார். வாயில் ஆணி எதுவும் இல்லை. ஆனாலும் பேச்சு பாதி உதட்டால்தான் வந்தது.

"எடுங்க எடுங்க" என்றேன்.

வெயில் சாயும்போது மகன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் பாதிகூட ஏறவில்லை என்றான். வாராவாரம் இப்படித்தான் ஆகிறது, இந்தப் பக்கம் வோல்டேஜ் மோசம் என்று மின்வாரியத்தைத் திட்டினான். சார்ஜ் நின்றால் போனில் செய்தி வருமாம். அவன்தான் அங்கே போனதும் போனை அலமாரிமேல் தூக்கிப் போட்டுவிடுகிறவனாயிற்றே. "அப்ப சாப்பிட்டுட்டே போங்க மாப்ளே" என்றார் கவரக்கா. அதற்குள் சுவிட்ச் மேலே ஏறியிருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நான் அவரை மட்டும்தான் பார்த்தேன்.

என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஞாயிறு முழுக்க என் பிள்ளையையும் பேத்தியையும் பிடித்து வைத்திருந்தது லைனும் இல்லை, ஷெட்டும் இல்லை. இந்தப் பொம்பளையின் விரல். ஒரு வார்த்தை மகனிடம் சொன்னால் போதும். சொல்லவில்லை. பாயிண்ட் எப்படியும் வரத்தான் போகிறது. அதுவரை வாயில் அடக்கிய கற்கண்டு போல வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரமும் விடாமல் போனேன். சாப்பாடு முடிந்து வீடு குறட்டையில் மூழ்கியதும், அவர் எழுந்து நின்று, "நூல் எடுத்துட்டு வரேன் சம்பந்தி" என்று என்னிடம் சொல்வார். சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்பார். இன்றைக்குக் காட்டிக் கொடுப்பேனா, மாட்டேனா என்று என் முகத்தில் தேடுவார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் அப்படி நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

மற்றவர்கள் தூங்கும்போது அவர் தைப்பார். ஒருநாள் சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று ரெக்ஸினின் மறுமுனையைப் பிடித்தேன். "புடவை மடிக்கிறாப்பல பிடிக்காதீங்க. இழுத்துப் பிடிங்க. மாட்டை இழுக்கிற மாதிரி" என்று விரட்டினார். நீங்கள் எத்தனை மாட்டை இழுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மாட்டோடுதான் குடும்பம் நடத்தினேன், அது இழுத்த இழுப்புக்கு இந்த லைன்தான் மிச்சம் என்றார். சொல்லிவிட்டு, உதட்டில் இருந்த ஆணிகள் சிந்தும்படி சிரித்தார். வேலை செய்துகொண்டே, போய்ச் சேர்ந்த வீட்டுக்காரரைத் திட்டுவார், ஓட்டுநர்களைத் திட்டுவார், என் மகன் பல் தேய்க்கிற சத்தத்தைக்கூடத் திட்டுவார். அது மட்டும் எனக்கு ஒப்புதல். சிறுவயதிலிருந்தே அவன் அப்படித்தான் தேய்ப்பான். சொல்லச் சரியான ஆள் எனக்கு அதுவரை கிடைக்கவில்லை.

எங்கள் பாயிண்ட் வந்தது. வந்த வாரமே மகன் கவரக்கா வீட்டில் வைத்துச் சொன்னான். டீ குடித்துக்கொண்டே, அத்தை, இனிமேல் உங்களுக்கு வாராவாரம் தொந்தரவு இல்லை, வீட்டிலேயே மெதுவாக ஏறிவிடும், சுவர்ப் பெட்டியையும் இன்னொரு நாள் வந்து கழற்றிக்கொள்கிறேன் என்றான். நல்ல செய்தி சொல்கிற முகம் அவனுக்கு.

"நல்லதாப் போச்சு மாப்ளே" என்றார் கவரக்கா. "எனக்கும் ஷெட்டு காலியாகும். ரெக்ஸின் ரோல் வைக்க இடமில்லாம கிடக்கேன்."

சொல்லிக்கொண்டே மிதிகட்டையை அழுத்தினார். மெஷின் ஓடியது. நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேனின் முன்சீட்டு, சிவப்பு ரெக்ஸின். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் ஊசி போனது. எனக்கு நேராக வந்தபோதுதான் பார்த்தேன்: ஊசியில் நூலே இல்லை. சிவப்பின் நடுவில் எறும்பு வரிசை போல வெறும் ஓட்டைகள். ஒரு விரல் துண்டை வீணாக்காதவர், ஒரு சீட்டையே துளைத்து முடித்திருந்தார். நான் மெதுவாக என் விரலை அதன்மேல் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சீட்டைச் சுருட்டித் தன் காலடியில் தள்ளிவிட்டு, பேத்தியின் தலைமுடி அவிழ்ந்திருக்கிறது, வா பின்னிவிடுகிறேன் என்று கூப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு முழுசாக எனக்குக் கிடைத்தது. வண்டி கீழே நின்று சத்தமில்லாமல் சார்ஜ் ஏற்றிக்கொண்டது. நான் விதவிதமாகச் சமைத்தேன். மகன் சாப்பிட்டுவிட்டுக் கடைவீதிவரை போய்விட்டு வருகிறேன் என்று போனான். வண்டிதான் ஓடத் தயாராக இருக்கிறதே, யார் வீட்டில் உட்காருவார்கள்? மருமகள் துணியை மடித்துவிட்டு அம்மாவிடம் போனில் பேசினாள். இரண்டு பேரும், என்ன சாப்பாடு என்பதற்குமேல் பேச்சைக் கண்டுபிடிக்க முடியாமல் வைத்துவிட்டார்கள். பேத்தி தாயின் போனை வாங்கிக்கொண்டு சோபாவில் சுருண்டாள். அதற்கடுத்த வாரமும் இதேதான். சார்ஜர் பாட்டி வீட்டுக்கு எப்போது போவோம் என்று பேத்தி என்னிடம்தான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் வீட்டை விட்டு வெளியேயே வராமல், இங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டார் அந்த அம்மாள்.

சோபாவில் உட்காரப் போனேன். உட்காரும் முன் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் எழும்பவே இல்லை. இத்தனை வருடம் அவர் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

சனிக்கிழமை மகன் வேலையிலிருந்து வந்து, வண்டியில் சார்ஜரைச் செருகிவிட்டு மேலே வந்தான். பாயிண்ட் பெட்டியின் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கருவேப்பிலை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் ஒரு கேள்வி கேட்டது. பெட்டியைத் திறந்தேன். உள்ளே எழுதியிருந்தது எனக்குப் படிக்கத் தெரியாது. சுவிட்சைக் கீழே தள்ள எழுத்து எதற்கு?

இரக்கப்பட்டு இறங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த அம்மாள் மேல் எனக்கு இருக்கிற எரிச்சல் இன்றைக்கும் ஒரு குன்றுமணி குறையவில்லை. எதிரில் உட்கார்ந்து எரிச்சல்பட ஆள் வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது மாடியில் தனியாக எரிந்துகொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்?

காலையில் மகன் கீழே போய்விட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு ஏறி வந்தான். போனில் செய்தி வந்ததை ராத்திரி கவனிக்கவில்லையாம்; சுவிட்ச் தானாக விழுந்து, துளிகூட ஏறவில்லையாம். திங்கள் விடிந்ததும் வேலைக்குப் போக வேண்டும். பாயிண்ட்டில் என்ன கோளாறென்று எலக்ட்ரீஷியன் வந்து பார்க்காமல் மறுபடி போடவும் பயம்; கட்டடத்தில் ஏற்கெனவே நம் பெயர் கெட்டுக் கிடக்கிறது என்று என்னைப் பார்த்தான். அத்தை வீட்டுச் சுவர்ப் பெட்டியை நல்லவேளை இன்னும் கழற்றவில்லை என்றான். அவன் முடிப்பதற்குள் பேத்தி செருப்பைப் போட்டுவிட்டாள்.

கவரக்கா ஷெட் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார். உள்ளே ரெக்ஸின் ரோல் ஒன்றுகூட இல்லை. கூட்டித் துடைத்து, காருக்கு அளவாக இடம் விட்டபடியே கிடந்தது. பாயிண்ட்டில் கோளாறு அத்தை என்று மகன் சொன்னதும், "அதுக்குள்ளயா? புதுசாச்சே" என்று கேட்டபடி என்னைப் பார்த்தார்.

"மாடி வீட்டு லைன் அப்படித்தான் சம்பந்தி" என்றேன். "சீக்கிரத்துல சரியாகாது."

அவர் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. திரும்பிக்கொண்டார்.

சாப்பிட்டார்கள். பாயை விரித்தார்கள். மகனுடைய குறட்டை முதலில் கேட்டது. மருமகள் தாயின் புடவைத் தலைப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். பேத்தி வெட்டிய துண்டுகளை வைத்துப் பொம்மைக்கு நாற்காலி தைக்கிறேன் என்று மெஷினுக்கு அடியில் புகுந்தாள். நான் சிவப்பு ரெக்ஸினின் என் முனையை எடுத்துப் பிடித்தேன். ஓட்டை விழுந்த துண்டுக்குப் பதில் புதிது.

கவரக்கா எழுந்து நின்றார். "நூல் எடு..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். மறுபடி உட்கார்ந்தார். மெஷின் பலகைமேல் ரெக்ஸின் சட்டையோடு கிடந்த ஷெட் சாவியை ஒரு விரலால் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, இரண்டு ஆணிகளை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டார்.